வெள்ளி ரூபாயில் வானவில்

உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில், மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கக்கூடும். குலதெய்வத்துக்கு நேர்ந்து முடிந்து வைத்து, மறந்துபோனதாக இருக்கலாம். முடிச்சை அவிழ்த்தால் காசு வெள்ளையாக இராது. விளிம்பில் நீலம், அதற்கு உள்ளே ஊதாச்சிவப்பு, நடுவில் பொன்மஞ்சள் என்று நிறம் ஏறியிருக்கும். சில சமயம் துணியின் இழைகள்கூடக் கோடுகோடாகப் பதிந்திருக்கும். “கருத்துவிட்டதே!” என்று பாட்டி திருநீற்றைக் கையில் எடுப்பார். சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

1835 முதல் 1939 வரை அச்சான ரூபாய்களில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் நிக்கல் வந்துவிட்டது. வெள்ளிக்குக் கந்தகத்தின்மேல் நாட்டம் அதிகம். சாக்கடை, அழுகும் பொருள்கள் ஆகியவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் மிகச் சிறிதளவு உண்டு. அது வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது.

வெள்ளி சல்பைடு கறுப்புப் பொருளாயிற்றே, நீலமும் சிவப்பும் எங்கிருந்து வந்தன? மழைநாளில் சாலையில் தேங்கிய நீரின்மேல் எண்ணெய் பரவி வண்ணம் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். ஒளியின் ஒரு பகுதி சல்பைடுப் படலத்தின் மேற்பரப்பில் திரும்புகிறது. மற்றொரு பகுதி உள்ளே சென்று வெள்ளியில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் சேரும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எஞ்சியது நம் கண்ணுக்கு வருகிறது. இதைத்தான் குறுக்கீட்டு விளைவு என்கிறோம். எந்த நிறம் எஞ்சும் என்பது படலத்தின் தடிப்பைப் பொறுத்தது. முதலில் வெளிர்மஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதாச்சிவப்பு, நீலம். இந்த முதல் சுற்று முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்புக்குள் முடிந்துவிடுகிறது! படலம் மேலும் தடித்தால் மஞ்சளும் சிவப்பும் மீண்டும் வரும். நல்ல பச்சை அதன் பிறகே தோன்றும்.

நீங்களே செய்து பார்க்கலாம். அறுந்துபோன வெள்ளிக் கொலுசுத் துண்டு ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். (பழங்காசு வேண்டாம்!) அப்போதுதான் வேகவைத்த முட்டையை இரண்டாக நறுக்கி, இரண்டையும் ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். மஞ்சள் நிறம் படர்வதைக் காண்பீர்கள். பாட்டியின் காசில் ஐம்பது ஆண்டுகளாக நடந்தது, இங்கே ஒரு பொழுதில் நடந்துவிட்டது.

சிக்கலும் இங்கேதான். இயற்கையாக நிறமேறிய காசுக்குச் சேகரிப்போர் கூடுதல் விலை கொடுப்பதுண்டு. ஆகவே சூடேற்றியும், கந்தகச் சேர்மங்களில் தோய்த்தும் நிறமேற்றி விற்போர் உண்டு. நானும் மதுரையில் ஒரு நடைபாதைக் கடையில் ஏமாந்தவன்தான். நீலமாக மின்னிய 1918ஆம் ஆண்டு ரூபாய் அது. வீட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது, ஐந்தாம் ஜார்ஜின் கன்னமெங்கும் நுண்ணிய கீறல்கள். அந்தக் கீறல்களுக்குள்ளும் அதே நீலம். யாரோ சாம்பலால் நன்றாகத் தேய்த்து, பிறகு அதை மறைக்க நிறமேற்றியிருக்கிறார்கள்.

வேதியியல் உதவாதா என்று கேட்பீர்கள். இரண்டிலும் இருப்பது அதே வெள்ளி சல்பைடாக இருக்கலாம். அப்போது பொருளை மட்டும் சோதித்துப் பயனில்லை. படலம் எப்படிப் பரவியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். மெதுவாக வளர்ந்த படலம் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக மெலியும். நிறங்களும் வரிசை தவறாமல் ஒன்றில் ஒன்று கரையும். மஞ்சளை ஒட்டி இடையில் சிவப்பே இல்லாமல் நீலம் நின்றால், தெறித்த திட்டுகளாக இருந்தால், ஐயப்படுங்கள். ஆனால் தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். கெட்டிக்காரர் ஒருவர் பொறுமையாகச் செய்தால் அந்த வரிசையும் சரியாகவே வரும். அமெரிக்காவில் காசுகளைத் தரம் பிரிக்கும் நிறுவனங்கள்கூட இத்தகைய காசுகளை ‘ஐயத்துக்குரிய நிறம்’ என்றே குறிப்பதுண்டு.

வைகைப் படுகையில் கிடைக்கும் பாண்டியர் செப்புக் காசுகளின் பச்சை இதிலிருந்து வேறுபட்டது. அது குறுக்கீட்டால் வருவதன்று. பச்சை நிறமே உடைய செப்புக் கார்பனேட்டு. பல நூற்றாண்டுப் பச்சை உலோகத்தைக் கெட்டியாகப் பற்றியிருக்கும். அதன் அடியில் பெரும்பாலும் செந்நிறச் செப்பு ஆக்சைடு இருக்கும். நவச்சாரமும் காடியும் பூசி அவசரமாக வரவழைத்த பச்சை ஈரப்பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆனால் உதிரும் பச்சையெல்லாம் போலியன்று. மண்ணிலுள்ள குளோரைடு உப்புகள் ஏறிய உண்மையான காசும் வெளிர்பச்சைத் தூளாக உதிர்வதுண்டு. அதைப் புளி போட்டுத் துலக்கினால் பச்சையோடு மீனும் யானையும் போய்விடும். உலர்ந்த இடத்தில் வைத்து, அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள்.

பாட்டியின் ரூபாயை என்ன செய்வது? ஓரங்களைப் பிடித்து எடுத்து, பழைய துணியிலேயே வைத்துவிடலாம். ரப்பர் வளையம் மட்டும் போடாதீர்கள். அதிலும் கந்தகம் இருக்கிறது.