இணைதட்டுக்களுள் முதலது பழுதுறின்

ஒருவர் எழுதும் கணக்கை அருகிருப்பவர் அவ்வாறே மற்றோர் ஏட்டில் எழுதிவருவாராயின், ஓரேடு கெடினும் கணக்குக் கெடாது. இவ்வெளிய உண்மையே கணினித் துறையில் ஆடி முறைக்கு அடிப்படையாகும். சேவையகக் கணினியொன்றில் இரு வன்தட்டுக்களைப் பொருத்தி, எழுதப்படுவன யாவும் இரண்டினும் ஒருங்கே பதியுமாறு செய்தல் இதன் இயல்பு. 1988ஆம் ஆண்டிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சார்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவர், பல தட்டுக்களை ஒன்றுபடுத்தும் முறைகளை 'ரெயிட்' என்னும் பெயரால் வகுத்துரைத்தனர். அவ்வகுப்பின் முதற்படியே ஆடி முறை.

மாணவரின் புள்ளிகளும் வரவுப் பதிவுகளும் இன்று பல பாடசாலைகளிற் கணினியிலேயே உள. தட்டு இரண்டு உண்டாதலின் அச்சமில்லை எனக் கருதுவார் பலர். ஆயின், ஒரு தட்டுப் பழுதுற்றபின் எஞ்சிய தட்டை அழிப்பது பெரும்பாலும் திருத்துவோரின் அவசரமே. ஆதலின், செய்யவேண்டியவற்றை முறையாக அறிதல் நன்று. லினக்ஸ் இயங்குதளத்தை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இத்தளத்தில் ஆடியின் நிலையைக் காட்டும் வரியிலே, நலமுள்ள தட்டு ஒவ்வொன்றுக்கும் 'யூ' என்னும் ஆங்கில எழுத்தும், இழந்த தட்டுக்கு ஓர் அடிக்கோடும் தோன்றும். அடிக்கோட்டைக் கண்டவுடன் செய்யத்தக்கது யாது? எஞ்சிய தட்டிலுள்ளவற்றை வேறோரிடத்திற் படியெடுத்தலே. இரு தட்டுக்களும் ஒரே நாளில் வாங்கப்பட்டு ஒரே அளவு உழைத்தவையாதலின், ஒன்றன் முடிவு மற்றதன் முடிவுக்கும் அறிகுறியாதல் கூடும்.

அடுத்தது, பழுதுற்றது எதுவென ஐயமறத் துணிதல். 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' எனக் கணினி வழங்கும் பெயர்கள் நிலையானவையல்ல. முதற்றட்டை நீக்கி மீண்டும் இயக்கின், இரண்டாவது தட்டே முதற்றட்டின் பெயரைப் பெறுதலுண்டு. தட்டின்மேற் பொறித்த தொடர் இலக்கமோ மாறுவதில்லை. அதனை முன்னரே குறித்துவைத்தல் வேண்டும்.

முதற்றட்டுக்கெனத் தனித்த இடர் ஒன்று உளது. கணினியைத் துயிலெழுப்பும் தொடக்கநிரல், பழைய அமைப்புக்களிலே தட்டின் முதல் 512 பைட் கொண்ட பகுதியிலிருந்து தொடங்குவது. ஆடி அமைக்கப்படுவது பிரிவுகளுக்கிடையேயாயின், அப்பகுதி ஆடியின் எல்லைக்குப் புறத்ததாகும். புதிய அமைப்புக்களிலும் தொடக்கத்துக்குரிய பிரிவு பெரும்பாலும் ஆடிக்குப் புறத்தேயே நிற்கும். ஆகவே, தரவு அனைத்தும் இரண்டாவது தட்டில் நலமாயிருப்பினும் கணினி எழாதொழியலாம். கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தட்டிலும் தொடக்கநிரலை நிறுவி, அதன்பின்னரே மின்னை நிறுத்துதல் அறிவுடைமை.

பின்னர்ப் பழுதுற்ற தட்டை ஆடியினின்று விலக்கி, புதியதைப் பொருத்துக. புதியது பழையதிற் சிறிதாதல் ஆகாது. ஒரே கொள்ளளவு பொறித்த தட்டுக்களும் உற்பத்தியாளர்க்கேற்பச் சிறிது வேறுபடும். அடுத்து, நலமுள்ள தட்டின் பிரிவு அட்டவணையைப் புதியதற்குப் படியெடுக்க வேண்டும். இங்கே திசை மாறின் கேடு விளையும்: வெறுந்தட்டின் வெறுமையே நிறைந்த தட்டிற் பதியும். எனவே, கட்டளையை இருமுறை படித்தே இடுக.

புதிய தட்டின் பிரிவுகளை ஆடியிற் சேர்த்ததும் மீள்படியெடுப்புத் தானே தொடங்கும். வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 1 டெராபைட்டை நிரப்ப 10,000 வினாடி, அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மணிநேரம், செல்லும். அது முடியுமளவும் பழைய தட்டு ஒன்றே துணை. முடிந்தபின் புதிய தட்டிலும் தொடக்கநிரலை நிறுவுக. ஒவ்வொரு தட்டினின்றும் கணினி தனித்து எழுகின்றதா எனச் சோதித்து அமைக.

இறுதியாக ஒன்று. ஆடி, தன்முன் நிற்பதைக் காட்டுமேயன்றி நேற்று நின்றதைக் காட்டாது. தவறுதலாக அழித்த கோப்பு இரு தட்டிலும் ஒருங்கே அழியும். ஆதலின், ஆடி முறை காப்புப் படிக்கு ஈடாகாது. தட்டுப் பழுதுற்ற நாளிலும் கணினி ஓயாது இயங்க உதவுவது ஆடி. இழந்ததை மீளத் தருவது, புறத்தே பேணிய படியே.