பாதத்தை விட்டுப் பல்லைப் பாருங்கள்

அரியாங்குப்பத்தில் யாராவது ஒரு தெருக்குட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்தால், அதற்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் முன்னங்காலைப் பிடித்துப் பார்த்துவிடுவார். "பாதம் எம்மாம் பெருசு! பெரிய நாயா வரும்." எதிர்வீட்டுக்காரர் காதைப் பார்த்து, "ஷெப்பர்டு கிராஸ்தான், சந்தேகமே இல்லை" என்பார். அடுத்த ஆண்டு அந்த 'ஷெப்பர்டு' 15 கிலோவில் வளர்ச்சியை முடித்துக்கொண்டு வாசலில் படுத்திருக்கும்.

பாதக் கணக்கில் துளி உண்மை இல்லாமல் இல்லை. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு போன்ற ராட்சத இனக் குட்டிகளுக்கு எலும்பு பருமன், பாதமும் பெரிது. ஆனால் எல்லாக் குட்டிகளுக்குமே ஒரு பருவத்தில் காலும் பாதமும் முந்திக்கொள்ளும், உடம்பில் சதை பிறகுதான் பிடிக்கும். மெலிந்த குட்டியாக இருந்தால் பாதம் இன்னும் பெரிதாகத் தெரியும். தெருவில் கிடைக்கும் குட்டி மெலிந்துதானே இருக்கும்!

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது உண்மையிலேயே 'கிராஸ்' தானா என்பது. நம் தெரு நாயைப் பல சீமை இனங்கள் கலந்து உருவான கதம்பம் என்று நினைக்கிறோம். மரபணு வேறு கதை சொல்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம் பாய்க்கோவின் குழு, 38 நாடுகளின் 549 ஊர் நாய்களையும் 161 இனங்களைச் சேர்ந்த 4,676 நாய்களையும் ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தென் அமெரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் திரியும் நாய்களில் ஐரோப்பிய ரத்தமே மேலோங்கியிருக்க, இந்தியா, வியட்நாம், எகிப்து நாடுகளின் ஊர் நாய்களில் அந்தக் கலப்பு மிகச் சொற்பம் என்று கண்டார்கள். நம்முடைய நாட்டு நாய் எதன் கலப்பும் அல்ல, தானே ஒரு பழைய வம்சம். வளர்ந்த நாட்டு நாயின் எடை பெரும்பாலும் 12 முதல் 20 கிலோவுக்குள் அடங்கும், பெண் கீழ்ப்பக்கம், ஆண் மேல்பக்கம். வீராம்பட்டினம் கடற்கரையில் கருவாட்டு வாசத்துக்குச் சுற்றிவரும் நாய்களைப் பார்த்தாலே இது விளங்கும். நிறம் பத்து விதம், உடம்பு ஏறக்குறைய ஒரே அளவு. தாயும் தகப்பனும் தெருவில் பிறந்தவை என்றால் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் கிடைத்துவிட்டது.

சிக்கல் நிஜமான கலப்பில்தான். மாடி வீட்டு லேப்ரடார் ஒருநாள் வாசற்கதவைத் தாண்டியிருந்தால் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் தாய்க்கும் தகப்பனுக்கும் இடையில் எங்கோ நிற்கும். லேப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை வரும் இனம், ஆகவே 20 முதல் 25 கிலோ என்பது நியாயமான ஊகம். 'பொமரேனியன் கிராஸ்' என்றால் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். அசல் பொமரேனியன் 3 கிலோ சுமாருக்கு மேல் வளராத பொம்மை நாய். நம் வீடுகளில் அந்தப் பெயரில் வளர்பவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அதில் சின்ன வகை 5 முதல் 7 கிலோ, பெரிய வகை 12 கிலோவையும் தாண்டும். பெயரை நம்பி மடியில் வைத்துக் கொஞ்சும் நாயை எதிர்பார்த்தவர்கள், மடி கொள்ளாத நாயோடு உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று. பருவத்துக்கு வந்த பெண் நாய் சில நாள் இடைவெளியில் பல ஆண்களோடு சேரும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்கலாம். அண்ணன் பெரிதாக வளர்ந்தான், இதுவும் வளரும் என்று சொல்வதற்கில்லை. உறுதியாகத் தெரிவது தாய் மட்டும்தான். குட்டியை எடுக்கும் இடத்தில் தாயை ஒரு முறை பார்த்துவிட்டு வருவது, எந்தச் சூத்திரத்தையும்விடப் பயன்படும்.

நாய்க்கு நாய் அளவு இத்தனை வேறுபடுவது ஏன்? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஈலைன் ஆஸ்ட்ராண்டரின் குழு, 2007இல் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி மரபணுவில் இதற்கான முக்கியத் தடயத்தைக் கண்டுபிடித்தது. சின்ன இனங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த மரபணு ஒரே வடிவில் இருந்தது. அதே குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம்: உடம்பைச் சிறிதாக்கும் மாற்றம் மனிதன் நாயை வளர்க்கத் தொடங்கியதற்கு வெகு முன்பே, 54,000 ஆண்டுக்கு முந்தைய ஓநாய் ஒன்றின் மரபணுவிலேயே இருந்திருக்கிறது. இந்த ஒரு மரபணு விளக்குவது அளவு வேறுபாட்டில் சுமார் 15 விழுக்காடு. மீதியை ஏறத்தாழ இருபது மரபணுக்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. நீண்ட காது லேப்ரடாரிடமிருந்தும், அளவு தெருத் தாயிடமிருந்தும் வர எந்தத் தடையும் இல்லை. காதைப் பார்த்து எடையைச் சொல்வது பலிக்காததற்கு இதுதான் காரணம்.

ஆக, கையில் இருக்கும் நம்பகமான கருவிகள் இரண்டு: வயது, எடை. தெருக்குட்டிக்கு வயது தெரியாது என்பார்கள். பல் சொல்லும். 3, 4 வாரத்தில் பால்பல் எட்டிப்பார்க்கும். 8 வாரத்துக்குள் 28 பாற்பற்களும் வந்துவிடும். பிறகு நான்காம் மாதத்தை ஒட்டி முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும், 5, 6 மாதத்தில் கோரைப்பல் மாறும், ஏழாம் மாதத்துக்குள் 42 பல்லும் நிறைந்துவிடும். நடுவில், இரண்டு மாதத்திலிருந்து மூன்றரை மாதம் வரை வாயில் பெரிய மாற்றம் இருக்காது. ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான், பெரும்பாலான குட்டிகள் வீட்டுக்கு வருவதும் இந்தக் கட்டத்தில்தான். 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு 8 வாரம் என்றால் அது 12, 14 கிலோ நாயாகும் வழியில் இருக்கிறது. அதே 3 கிலோவுக்கு 12 வாரம் என்றால் 9 கிலோவைத் தாண்டினால் அதிசயம். வயதில் ஒரு மாதம் தவறினால் கணக்கு முழுதும் சாய்ந்துவிடும்.

எடையை வார வயதால் வகுத்து 52ஆல் பெருக்கச் சொல்லும் சூத்திரம் ஒன்று கைப்பேசிகளில் சுற்றுகிறது. 16 வாரத்தில் 7 கிலோ உள்ள குட்டியை அதில் போட்டால் கிட்டத்தட்ட 23 கிலோ வரும். நான்கு மாத எடையை இரட்டிப்பாக்கு என்ற பழைய கணக்கில் போட்டால் 14. நாட்டு நாய்க்கு இரண்டாவதுதான் பொருந்தும். முதல் சூத்திரம், குட்டி ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் ஒரே அளவு எடை கூடும் என்று நினைத்துக்கொள்கிறது. அப்படி எந்தக் குட்டியும் வளர்வதில்லை. நடுத்தர நாய் நான்கு மாதத்தில் இறுதி எடையில் பாதியைத் தொட்டுவிடும், அதன்பின் வேகம் குறையும். லேப்ரடார் அளவு நாய்க்குப் பாதி வர ஐந்து மாதம் ஆகும், ராட்சத இனங்களுக்கு இன்னும் கூட. சின்ன நாய் 8, 10 மாதத்தில் முழு ஆளாகிவிடும். ராட்சத நாய் இரண்டு வயது வரை வளர்ந்துகொண்டிருக்கும்.

ஒரே ஒரு எடையை வைத்து எதையும் சொல்லாதீர்கள். வாரம் ஒரு முறை நிறுத்து நோட்டில் குறியுங்கள். மீன் விற்கும் ஊரில் தராசுக்கா பஞ்சம்? தெருக்குட்டியின் முதல் எடை எப்போதும் பொய் பேசும். வயிறு பானையாகவும் விலா எலும்பு வெளியிலும் இருந்தால், உள்ளே இருப்பவை புழுக்கள். பூச்சி மருந்து கொடுத்து, உண்ணி எடுத்து, ஒழுங்காகச் சாப்பாடு போட்ட பிறகு மூன்று நான்கு வாரம் கழித்து வரும் எடையில் இருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும்.

நிறையப் போட்டால் பெரிதாக வளரும் என்பது இன்னொரு நம்பிக்கை. நல்ல தீனி மரபணு அனுமதித்த உயரத்தை எட்ட உதவும், தாண்ட உதவாது. மிச்சமெல்லாம் கொழுப்பு. 48 லேப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஜோடி நாயைவிடக் கால்பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. உயரமாகட்டும் என்று கால்சியம் டானிக்கை ஊற்றுவது இதைவிட மோசம். பெரிய இனக் கலப்புக் குட்டிகளுக்கு மிகையான கால்சியம் எலும்பைக் கோணலாக்கும். வெறும் சோறும் கறியும் மட்டும் போட்டால் கால்சியம் குறைந்து கால் வளையும். இரண்டுக்கும் நடுவே என்ன கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே சரி.

ஏழெட்டு மாதத்திலும் சந்தேகம் தீரவில்லை என்றால் எக்ஸ்ரே இருக்கிறது. முன்னங்கால் எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு படத்தில் கறுப்புக் கோடாகத் தெரிந்தால் நாய் இன்னும் உயரும். கோடு மறைந்திருந்தால் உயரம் முடிந்தது, இனி மார்பும் சதையும்தான். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், இதைப் பற்றிக் கேட்க நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மிகச் சின்ன வயதில் கருத்தடை செய்தால் அந்தத் தட்டு மூடுவது தள்ளிப்போகும், கால் சற்று நீளும் என்பதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.

அதுவரை கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று வாராவாரம், எடை போடும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். வளரும் குட்டியின் கழுத்தில் கட்டிய கயிறு தானாக வளராது.