கருத்தடை மாத்திரைக்கு தனிச்சட்டம்: அமெரிக்க மாநிலங்கள் அவசரம் காட்டுவது ஏன்?

கடையில் கிடைக்கிற கருத்தடை மாத்திரைக்கு எதுக்கு தனிச்சட்டம்? அமெரிக்காவில் அதற்கு காரணம் இருக்கிறது.

கனெக்டிகட் மாநிலத்தில் கணவன்-மனைவி கருத்தடை சாதனம் பயன்படுத்துவதே குற்றமாக இருந்தது. 1965-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. திருமணமாகாதவர்களுக்கு 1972-ல்தான் அந்த உரிமை வந்தது. இரண்டுமே கோர்ட்டு தீர்ப்பு, சட்டம் அல்ல.

2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை பறித்த அதே கோர்ட்டில், நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் 1965 தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார். மற்ற நீதிபதிகள் அதில் சேரவில்லை. ஆனாலும் பெண்களுக்கு பயம் பிடித்துக்கொண்டது. கோர்ட்டு கொடுத்ததை கோர்ட்டே பிடுங்கிக்கொண்டால்?

நாடு முழுவதற்குமான மசோதா 2024 ஜூனில் செனட் சபையில் 60 ஓட்டு கிடைக்காமல் முடங்கியது. எனவே மாநிலங்கள் தாங்களே களமிறங்கின. 2022-ல் மிச்சிகன், கலிபோர்னியா, வெர்மான்ட் மக்கள் ஓட்டுப்போட்டு மாநில அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். மின்னசோட்டா 2023-ல் சட்டம் போட்டது.

வர்ஜீனியாவில் கதை வேறு. சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை அப்போதைய கவர்னர் கிளென் யங்கின் 2024, 2025 என இரண்டு முறை தடுத்துவிட்டார். (அங்கு கவர்னர் என்றால் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம்ம முதல்-அமைச்சர் மாதிரி.) கருத்தடைக்கு தான் எதிரி இல்லை, மத சுதந்திரத்தை மீற முடியாது என்பது 2024-ல் அவர் சொன்ன காரணம்.