நகலும் நாணயமும்

வனஸ்பதியை வனஸ்பதி என்றே விற்றால் வியாபாரம்; நெய் என்று விற்றால் மோசடி. இசைக்கருவித் தொழிலிலும் இதே நியாயம்தான்.

1951-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பாஸ்' என்ற மின்கிதாரைக் கொண்டுவந்தார். தந்திகளுக்கு அடியிலுள்ள 'பிக்கப்' என்னும் பாகம் தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. 1957-ல் அதன் வடிவத்தை மாற்றிவிட்டனர். பழைய வடிவத்தை விரும்புவோருக்குக் கைவினைஞர்கள் இன்றும் நகல் செய்து தருகின்றனர். இரு ஃபைபர் தகடுகளுக்கிடையே நான்கு காந்தத் துண்டுகளைச் செருகி, தலைமுடி போன்ற செம்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றவேண்டும். பொறுமையான வேலை, நியாயமான கூலி.

ஆனால் பழைய அசலுக்கு விலை மிக அதிகம். ஆகவே நகலை அழுக்கேற்றி அசலென்று தள்ளிவிட ஆசை எழும். செய்தவர் பெயரையும் ஆண்டையும் அடித்தகட்டில் எழுதிவிட்டால் வாங்குபவர் ஏமாறமாட்டார். நாம் பாக்கெட்டில் பெயரும் தேதியும் போடுவது இதற்காகத்தானே!