கண்டிக் குளிரில் உறையும் எண்ணெய்

மார்கழியிலும் தையிலும் கண்டியில் விடிகாலை வெப்பநிலை 18 பாகை வரை இறங்கும். அந்நேரம் சமையலறைத் தட்டிலுள்ள தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு துளியும் விழாது. உள்ளே எல்லாம் வெள்ளையாக இறுகிப்போயிருக்கும். பக்கத்திலேயே நிற்கும் நல்லெண்ணெய் எப்போதும்போல வழிந்தோடும். மலையகத்தில் வளர்ந்த யாருக்கும் இது புதினமில்லை. போத்தலை வெயிலில் வைத்தோ வெந்நீரில் நிறுத்தியோ உருக்கி எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் இரண்டுமே விதையிலிருந்து பிழிந்த எண்ணெய்கள். ஒரே குளிரில் ஒன்று உறைய, மற்றது ஏன் உறையாமல் நிற்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அது நம் இரத்தக் குழாய்கள் வரை கொண்டுபோய்விடும். அங்கே கிடைக்கும் விடையின் ஒரு முக்கியமான பகுதி கண்டிக்குப் பக்கத்தில், பேராதனையிலேயே கண்டறியப்பட்டது.

எந்த எண்ணெயை எடுத்தாலும் அதன் மூலக்கூறு ஒன்றில் மூன்று கொழுப்பமிலங்கள் கிளிசரோலோடு கோக்கப்பட்டிருக்கும். கொழுப்பமிலம் என்பது ஒரு காபன் சங்கிலி. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி 12 காபன் கொண்ட லோரிக் அமிலம். அதற்கடுத்துக் கூடுதலாக இருப்பது 14 காபன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம். இந்தச் சங்கிலிகளிலுள்ள காபன்கள் தம்மால் ஏற்கக்கூடிய ஐதரசனை முழுவதுமாக ஏற்றுக்கொண்டவை. அதனால் இவற்றை நிரம்பிய கொழுப்பமிலங்கள் என்கிறோம். வளைவில்லாத விறகை அடுக்கினால் இடைவெளி இல்லாமல் நெருங்கிப் படியும். இந்த நேரான சங்கிலிகளும் அப்படித்தான். வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்கியதும் அவை ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன.

நல்லெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் 18 காபன் சங்கிலிகளான ஒலெயிக், லினோலெயிக் அமிலங்கள். ஒலெயிக்கில் ஓரிடத்திலும் லினோலெயிக்கில் ஈரிடத்திலும் இரட்டைப் பிணைப்பு உண்டு. அந்த இடங்களில் சங்கிலி வளைந்துபோகிறது. வளைந்த சங்கிலிகள் நெருங்கிப் படிய முடியாது. கண்டிக் குளிர் அவற்றை இறுக்கப் போதாது.

விதைக்கு எண்ணெய் எதற்கு? முளை மண்ணைக் கீறி இலை விடும்வரை அதற்கு உணவு வேண்டும். ஒரு கிராம் மாச்சத்து தரும் சக்தியைப் போல இரு மடங்குக்கும் மேல் ஒரு கிராம் கொழுப்புத் தரும். சிறிய ஓட்டுக்குள் பெரிய சேமிப்பு. குளிர்நாட்டுத் தாவரங்களின் விதைகளில் நிரம்பாத அமிலங்கள் கூடியும், வெப்பநாட்டு விதைகளில் நிரம்பியவை கூடியும் இருக்கும் போக்கைத் தாவரவியலாளர் கண்டிருக்கிறார்கள். குளிர் மண்ணில் முளைக்கும் விதைக்கு இறுகாத எண்ணெய்தான் உதவும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எள் வெப்பநாட்டுப் பயிராக இருந்தும் இந்தப் போக்கோடு ஒத்துவரவில்லை. ஆகவே இதை விதி என்று கொள்ளக்கூடாது. தென்னையின் கதைக்கு மட்டும் விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. கடற்கரை வெம்மையில் அதன் எண்ணெய் உறைவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டிக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் நாம்.

கண்டியில் விளையும் விதை ஒன்றும் இந்தக் கதையில் உண்டு. இலங்கையில் சாதிக்காய் அதிகம் விளைவது கண்டி மாவட்டத்தில்தான். சாதிக்காயின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கோ அதற்கு மேலோ கொழுப்பு. அதில் பெரும்பகுதி மிரிஸ்டிக் அமிலத்தால் ஆனது. 1841இல் பிரித்தானிய இரசாயனவியலாளர் லயன் பிளேபெயர் அந்த அமிலத்தைப் பிரித்தெடுத்ததும் சாதிக்காயிலிருந்துதான். இதே அமிலத்தை நம் உடலும் தானே ஆக்கிக்கொள்கிறது. கலங்களுக்குள் சில புரதங்களின் நுனியில் நொதியம் ஒன்று மிரிஸ்டிக் சங்கிலியைப் பொருத்திவிட, அதைக் கொண்டு புரதம் கலமென்சவ்வில் போய்ப் பற்றிக்கொள்கிறது. ஆக, நிரம்பிய கொழுப்பமிலம் என்றாலே நஞ்சு என்று நினைக்க இடமில்லை. உணவில் அது எவ்வளவு வருகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். கறிக்குப் போடும் ஒரு சிட்டிகை சாதிக்காயால் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

நம் உடலால் ஆக்க முடியாத கொழுப்பமிலங்களும் உண்டு. 1929 வரை கொழுப்பை வெறும் எரிபொருளாகவே பலர் கருதினார்கள். அவ்வாண்டு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்ரெட் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி நின்றது, வாலில் செதில் எழும்பியது, எலிகள் நோயுற்றன. சில துளி லினோலெயிக் அமிலம் கொடுத்ததும் தேறின. ஒலெயிக் சங்கிலியில் இன்னுமோர் இரட்டைப் பிணைப்பை உரிய இடத்தில் போட்டு லினோலெயிக் ஆக்கும் நொதியம் தாவரங்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கும் மேலாக உள்ள அல்பா லினோலெனிக் அமிலத்துக்கும் இதே நிலைதான். இவ்விரண்டையும் நாம் உண்டுதான் பெற வேண்டும்.

இனிப் பேராதனைக்கு வருவோம். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த சாந்தி மெண்டிஸ், உபாலி சமரஜீவ, ரபேல் தட்டில் ஆகிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, தேங்காய் உண்ணும் ஒரு சமூகத்துக்கென்றே செய்யப்பட்டது போன்றது. முதற் கட்டம் 8 வாரம். உணவுச் சக்தியில் 17.8 சதவீதமாக இருந்த தேங்காய்க் கொழுப்பை 9.3 ஆகக் குறைத்தார்கள்.  இரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்ட்ரோல், அதாவது இரத்தக் குழாய்ச் சுவரில் படியும் வகை, 10.8 சதவீதம் இறங்கியது. இரண்டாம் கட்டம் 52 வாரம். ஒரு குழுவினருக்குத் தேங்காய்க் கொழுப்பை இன்னும் குறைத்து 4.7 சதவீதத்தில் நிறுத்தினார்கள். மற்றக் குழுவினருக்கும் நிரம்பிய கொழுப்பு அதே அளவுதான். கூடவே சோயா எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து கொஞ்சம் கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் முதற் குழுவில் எல்.டி.எல். 11 சதவீதம் குறைந்திருந்தது. மற்றதில் 16.2 சதவீதம்.

இந்த இடத்தில் ஒருகணம் நிற்க வேண்டும். இரண்டாவது குழு உண்ட மொத்தக் கொழுப்பு முதற் குழுவை விட அதிகம். அதிகம் உண்டவர்களுக்கே கெட்ட கொலஸ்ட்ரோல் கூடுதலாகக் குறைந்தது. கொழுப்பின் அளவோடு சங்கிலியின் வடிவமும் உடலுக்குக் கணக்காகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. அதன் கலங்களின் மேற்பரப்பில் எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. லோரிக், மிரிஸ்டிக், பால்மிற்றிக் ஆகிய நிரம்பிய அமிலங்கள் உணவில் மிகும்போது ஏற்பிகளின் செயல் மந்தமாகிறது, எல்.டி.எல். இரத்தத்திலேயே தங்குகிறது. லினோலெயிக் அமிலம் அந்தச் செயலை உயர்த்துகிறது.

தேங்காய் எண்ணெய்க்காக வாதாடுவோர் அதிலுள்ளது நடுத்தரச் சங்கிலி, அது கல்லீரலுக்கு நேரே போய் எரிந்துவிடும் என்பார்கள். 8, 10 காபன் சங்கிலிகளுக்கு அது சரி. தேங்காய் எண்ணெயில் அவை ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பாதியாக இருக்கும் லோரிக்கின் பெரும்பகுதி நீண்ட சங்கிலிகளின் பாதையிலேயே போகிறது. 2020இல் 16 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, வெப்பவலயம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.ஐ டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கூட்டுவதாகக் கண்டது. நல்ல வகை எனப்படும் எச்.டி.எல்.லும் 4 மில்லிகிராம் கூடியது உண்மை. அந்தச் சிறு உயர்வு மற்றதை ஈடுசெய்யும் என்று நம்ப ஆதாரம் போதாது.

தேங்காய் எண்ணெய்க்கு உரிய பெருமையையும் சொல்லவேண்டும். இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில்தான் ஒட்சிசன் தாக்கும். லினோலெயிக் மிகுந்த எண்ணெய் தாச்சியில் திரும்பத் திரும்பக் காயும்போது சீக்கிரம் சிதைந்து வேண்டாத பொருள்களைத் தரும். தேங்காய் எண்ணெய் அதைவிட நன்றாகத் தாங்கும். நல்லெண்ணெய் இதில் ஒரு விதிவிலக்கு. செசாமின், செசமோலின் என்ற பொருள்கள் அதில் இருக்கின்றன. செசமோலின் சூட்டில் செசமோலாக மாறி எண்ணெய் கெடாமல் காக்கிறது. இருந்தாலும் வடை பொரித்துக் கறுத்த எண்ணெயை, அது எந்த எண்ணெயானாலும், மறுநாள் திரும்ப அடுப்பில் வைக்காதீர்கள்.

நம் வீடுகளில் தேங்காய்க் கொழுப்பு போத்தலிலிருந்து வருவதைவிடச் சொதியிலும் சம்பலிலும் பால்கறியிலும்தான் அதிகம் வருகிறது. எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு மூன்று கறிக்கும் முதற்பால் பிழிந்தால் பயனில்லை. ஒரு வேளைக்கு ஒரு பால்கறி போதும். மற்றதை நல்லெண்ணெயில் தாளித்து இறக்கலாம். பேராதனை ஆய்வு காட்டிய மாற்றமும் இவ்வளவுதான், தேங்காயை அடியோடு நீக்கச் சொல்லவில்லை. கொலஸ்ட்ரோலுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் எண்ணெயை மாற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் அதை நிறுத்திவிடாமல், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.