வலுவுக்கு ஒரு கவசம், கண்ணுக்கு ஒரு கவசம்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி விளங்கிவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டிப்படும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, காயவைத்து, சூளையில் சுட்டு எடுப்பார்கள். ஒரே அச்சில் வந்த பத்துப் பொம்மைகளுக்குப் பத்து விதமாக வண்ணம் தீட்டலாம். உறுதியைத் தருவது சூளை. வண்ணத்தை மாற்றுவதால் அந்த உறுதி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

பக்கத்துத் திட்டக்குடியில் கைபேசியில் விளையாடும் பிள்ளைகள் ‘ஸ்கின்’ என்று சொல்வதும் இந்த வண்ணப்பூச்சைத்தான். வீட்டில் பெரியவர்களுக்கு வரும் சந்தேகம் நியாயமானது: பொம்மைக்குச் சட்டை மாற்ற எதற்குக் காசு? பதில் சொல்ல, இந்த ஏற்பாடு பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் ஆளுக்கொரு பாத்திரமாக உலவுவது ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டு. அதில் ஒவ்வொரு கவசத்துக்கும் இரண்டு விவரங்கள் உண்டு. எத்தனை அடி தாங்கும் என்ற எண் ஒன்று. திரையில் எப்படித் தெரியும் என்ற உருவம் இன்னொன்று. சண்டையில் யார் ஜெயித்தார் என்று கணக்குப் போடும் சர்வருக்கு எண் போதும். உருவம் பார்ப்பவர் கண்ணுக்கு.

தொடக்கத்தில் பல விளையாட்டுகள் இரண்டையும் ஒன்றாகவே கட்டிவைத்திருந்தன. அதனால் வந்த சங்கடத்தை ஆடியவர்கள் அறிவார்கள். ஓர் அரக்கனை வீழ்த்தினால் பச்சைத் தோள்கவசம் கிடைக்கும், இன்னொருவனிடம் ஊதா மார்க்கவசம், வேறொருவனிடம் ஆரஞ்சுத் தலைக்கவசம். வலு அதிகம் என்பதற்காக மூன்றையும் மாட்டினால் மாவீரன் கோமாளி மாதிரி நிற்பான். மாதக்கணக்கில் உழைத்து வளர்த்த பாத்திரம் அப்படி நின்றால் யாருக்குமே மனசு ஒப்பாது.

1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனிலேயே சாயத் தொட்டி இருந்தது. துணியை அதில் தோய்த்து நிறம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெரிய திருப்பம் 2011 நவம்பரில் வந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அப்போதுதான் ‘டிரான்ஸ்மாக்’ வசதியைத் தந்தது. வலுவான கவசத்தை அணிந்துகொண்டே, பழைய கவசம் ஒன்றின் தோற்றத்தை அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். வரம்பும் வைத்தார்கள்: இரும்புக் கவசத்துக்கு இரும்புக் கவசத்தின் தோற்றம், துணிக்குத் துணியின் தோற்றம். 2016-இல் இன்னும் வசதியானது. ஒருமுறை கிடைத்த தோற்றம் தனிப் பட்டியலில் பதிவாகிவிடும், பழைய கவசத்தைப் பையில் சுமக்க வேண்டாம். ஃபைனல் ஃபேன்டஸி XIV இதையே ‘கிளாமர்’ என்கிறது. கில்ட் வார்ஸ் 2-இல் ஒரே கவசத்தின் வெவ்வேறு பாகங்களுக்குத் தனித்தனிச் சாயம் ஏற்றலாம்.

இதில் பெண்களுக்குக் கிடைத்த விடுதலையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண் பாத்திரம் அணிந்தால் கழுத்துவரை இரும்பாக மூடும் கவசம், பெண் பாத்திரம் அணிந்தால் பாதி உடம்பைக்கூட மூடாத விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. வலு வேண்டுமென்றால் அந்தக் கோலத்தையும் ஏற்றாக வேண்டும் என்பது அநியாயம். தோற்றத்தைத் தனியே பிரித்ததும், எப்படி நிற்பது என்ற முடிவு ஆடுபவளின் கைக்கு வந்தது.

இப்படிப் பிரிப்பதை எதிர்த்துச் சொன்னவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. தெருக்கூத்தில் கிரீடத்தையும் முகவண்ணத்தையும் பார்த்ததும் வருவது யார் என்று சபைக்குத் தெரிந்துவிடும். அதுபோல எதிரில் நிற்பவர் எப்படிப்பட்ட வீரர் என்பதைக் கவசமே சொல்ல வேண்டாமா? கில்ட் வார்ஸ் 2 இதற்கு நல்ல வழி கண்டது. ஒருவருக்கொருவர் மோதும் ஆட்டத்தில், எதிரிகள் எல்லாரும் பொதுவான உருவத்திலேயே தெரியும்படி என் திரையில் மட்டும் நான் மாற்றிக்கொள்ளலாம். அவர் அலங்காரம் அவருக்கு, என் வசதி எனக்கு.

சிக்கல் காசில் தொடங்குகிறது. 2006-இல் ஆப்ளிவியன் என்ற தனியாள் விளையாட்டு, குதிரைக்குப் பூட்டும் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது ஊரே சிரித்தது. இன்று அதுதான் பெரிய வியாபாரம். நம் பிள்ளைகள் அதைச் சந்திப்பது பெரும்பாலும் சுடும் விளையாட்டுகளில். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பிறகு, 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ-யைக் கொண்டுவந்தது. ஆட்டம் இலவசம், உடைக்கும் துப்பாக்கி ஸ்கின்னுக்கும் காசு. காசைக் கொடுத்து முதலில் ‘யூசி’ வாங்க வேண்டும், யூசியால் உடை வாங்க வேண்டும். ரூபாய் இப்படி வேறு பெயருக்கு மாறிவிட்டால், எவ்வளவு போகிறது என்பது பிள்ளைக்கு உறைக்காது.

விலை எழுதிய உடையை வாங்குவதில் எனக்குக் குறை தெரியவில்லை. கொலுவுக்குப் பொம்மை வாங்குவதைப் போன்றதுதான் அது. மூடிய பெட்டிக்குக் காசு கட்டி, உள்ளே இருப்பது வந்தால் வரட்டும் என்று திறப்பது வேறு கதை. அது சீட்டு குலுக்குவது. பெல்ஜியம் 2018-இல் காசு கட்டித் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது. நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்துப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடைசெய்தது. உடைப் பெட்டியில் கிடைப்பது பணம் அல்ல; அதைத் திறக்கும் சிறுவனை வீடுதான் கவனிக்க வேண்டும்.

அடுத்த முறை பிள்ளை ஸ்கின்னுக்குக் காசு கேட்டால், திட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை வாங்கினால் உன் ஆள் கூடுதல் பலம் பெறுவானா? நீ கேட்ட உடையே கிடைக்குமா, பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டுமா? பலம் கூடாது, கேட்டதே கிடைக்கும் என்றால், வீட்டு வரவுக்குத் தக்கபடி முடிவு செய்யுங்கள். பெட்டி என்றால் யுபிஐ ரகசிய எண்ணைக் கொடுக்காதீர்கள்.