கிள்ளினால்தான் மணக்கும்

தீபாவளி லீவுக்கு மயிலாடுதுறை வந்த என் அண்ணன் மகள், பட்டாசுப் பையோடு கொஞ்சம் சளியையும் சென்னையிலிருந்து கொண்டு வந்திருந்தாள். ஐப்பசி மழை விடுவதாக இல்லை. பட்டாசு பரணுக்குப் போய்விட்டது. "கொல்லையில போயி கற்பூரவல்லி நாலு இலை பறிச்சிட்டு வாடி, ரசம் வைக்கணும்" என்றார் அவளுடைய அப்பாயி, அதாவது என் அம்மா.

குடையோடு போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

"அங்க நாலஞ்சு செடி இருக்கு அத்தை. எதுன்னு தெரியல. ஒவ்வொண்ணா மோந்து பார்த்தேன், ஒண்ணுமே மணக்கல."

"சளி பிடிச்ச மூக்குக்கு எது மணக்கும்?"

"ஒரு பக்கம்தான் அடைச்சிருக்கு. இன்னொரு பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"இலையைக் கிள்ளிப் பார்த்தியா?"

மறுபடி ஓடினாள். இந்த முறை கை நிறைய இலை. "கிள்ளின உடனே ஓமம் மாதிரி வாசம் வருது! இவ்வளவு நேரம் அது எங்க இருந்துச்சு?"

அன்று ரசம் அடுப்பிலிருந்து இறங்கும்வரை நாங்கள் பேசியது இந்த ஒரு கேள்வியைத்தான்.

கற்பூரவல்லி இலையைத் தொட்டால் பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த மெத்தைக்குக் காரணம் இலைமேல் இருக்கும் நுண்ணிய முடிகள். அவற்றில் சில வெறும் முடி. சிலவற்றின் நுனியில் கண்ணுக்கே தெரியாத குட்டிப் பை இருக்கும். மண எண்ணெய் அந்தப் பைக்குள்தான். விரல் பட்டதும் பை உடையும், எண்ணெய் காற்றில் கலக்கும், மூக்கில் ஏறும். ஓமம் மாதிரி மணப்பது அவளுடைய மூக்கின் கற்பனை இல்லை. ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற பொருளும், அதன் தம்பி போன்ற கார்வக்ரால் என்ற பொருளும் இந்த இலையில் உண்டு. ஓமவல்லி என்று இதற்கு இன்னொரு பெயர் வைத்தவர் யாரோ, வேதியியல் படிக்காமலே சரியாக வைத்திருக்கிறார்.

ஆனால் செடி இந்த எண்ணெயை நம் ரசத்துக்காகச் சேர்த்து வைக்கவில்லை. செடியால் ஓட முடியாது, கத்த முடியாது. கடிக்க வரும் பூச்சியின் வாயில் ஒரு பை உடைந்தால், அந்தக் காரமான எண்ணெய் பூச்சிக்குப் பிடிக்காது. அடுத்த வாய்க்கு வேறு இலை பார்க்கும். பூச்சி விலகிப் போகும் அதே வாசனையைத் தேடித்தான் நாம் குடை பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறோம். இதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

கற்பூரவல்லியின் இளந்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருண்டையாக இருக்காது, பென்சில் பெட்டி மாதிரி நாலு மூலை தட்டுப்படும். துளசித் தண்டையும் புதினாத் தண்டையும் உருட்டினால் அதே நாலு மூலைதான். மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுமே எண்ணெயை வெளியே முடிப்பையில் வைக்கிற ரகம்.

"கறிவேப்பிலையில முடி இல்லையே, அது எப்படி மணக்குது?" என்றாள். இவளைச் சும்மா விட முடியாது.

கறிவேப்பிலை எண்ணெயை இலைக்கு உள்ளேயே அறை கட்டி வைத்திருக்கிறது. ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தினாற்போல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் கசியும். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தப் புள்ளிகள்தான் எண்ணெய் அறைகள். எலுமிச்சை இலையிலும் நாரத்தை இலையிலும் வில்வ இலையிலும் இதே புள்ளிகளைப் பார்க்கலாம், ஏனென்றால் கறிவேப்பிலை அவற்றுக்குச் சொந்தக்காரன். பெயரில் வேப்பிலை இருந்தாலும் வேம்பின் குடும்பம் வேறு.

கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் 'கோனிகி' என்று ஒரு சொல் வரும். அது ஒரு மனிதரின் பெயர். யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர், செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். 1768-ல் டேனிஷ்காரர்களின் ஊராக இருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். நம் ஊர்ப் பக்கத்துச் செடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் அந்தக் கடற்கரைக்குப் போய்விடலாம். அடுத்த முறை சாம்பாரில் கறிவேப்பிலையை ஒதுக்கும்போது, கோனிக்கை ஒதுக்குகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் அம்மா பூண்டை எடுத்துக்கொண்டார். "நறுக்கட்டுமா அப்பாயி?" என்று கத்தியோடு வந்தவளிடம், "ரசத்துக்கு நறுக்கப்படாது, தட்டிப் போடணும்" என்றார்.

பூண்டின் வேலை இன்னும் தந்திரமானது. அதில் அந்தக் காரமான வாசனை முன்கூட்டியே இல்லை. முழுப் பூண்டுப் பல்லை மோந்து பாருங்கள். ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. அதற்குள் அல்லின் என்ற பொருள் ஓர் இடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி அடுத்த இடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. நடுவே மெல்லிய சுவர். தட்டினால் சுவர் இடிகிறது. இரண்டும் கலந்து, நொடியில் அல்லிசின் பிறக்கிறது. மூக்கைத் துளைப்பது அதுதான். 1944-ல் அமெரிக்காவில் கவல்லிட்டோ, பெய்லி என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்தார்கள். கத்தியால் வெட்டினால் வெட்டுப்பட்ட கோட்டில் மட்டும் சுவர் இடியும். அம்மிக்குழவியால் ஒரு போடு போட்டால் எல்லாப் பக்கமும் இடியும். அம்மா சொன்னதற்கு இதுதான் காரணம், அவருக்கு அல்லினேஸ் பெயர் தெரியாவிட்டாலும்.

சரி, பூண்டுக் குழம்பில் மட்டும் முழுப் பல் பத்துக்கூடச் சாப்பிட முடிகிறதே? அங்கே பல்லை உடைக்காமல் எண்ணெயில் வதக்குகிறோம். சூட்டில் முதலில் நொதி செத்துவிடுகிறது. பிறகு சுவர் இடிந்து என்ன பயன்? பூண்டு சாதுவாக, இனிப்பாக வெந்துவிடும்.

கடுகும் இதே கட்சி. ஒரு சோதனை செய்யலாம், அடுப்பு தேவையில்லை. அரை ஸ்பூன் கடுகை இடித்துப் பச்சைத் தண்ணீரில் குழைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு நுனிநாக்கில் துளி வைத்துப் பார்த்தால் காரம் மூக்குக்கு ஏறும். மாங்காய் ஊறுகாயில் பச்சைக் கடுகுப்பொடி போடுவது இந்த ஏறலுக்காகத்தான். தாளிக்கிற கடுகு ஏன் அப்படி ஏறுவதில்லை என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அம்மியில் மிளகும் சீரகமும் இடிபட்டன. மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். அதை 1819-ல் பிரித்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டுபிடித்தவர் இவரேதான், மிளகுக்கு அடுத்த வருடம். மிளகாய் நம் ஊருக்கு வந்தது அதற்கும் முன்னால், 16-ஆம் நூற்றாண்டில், போர்ச்சுக்கீசியர் கப்பலில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து. அதுவரை நம் சமையலில் காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு 'மிளகு' என்ற பெயரையே பாதி கொடுத்து மிளகாய் ஆக்கிக்கொண்டார்கள்.

புளித்தண்ணீரில் தக்காளி வெந்ததும், இடித்ததையும் கிழித்த கற்பூரவல்லியையும் போட்டார் அம்மா. பிறகு பாத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரத்தில் நுரை கூடி மேலே வரத் தொடங்கியதும் சட்டென்று அடுப்பை அணைத்துவிட்டார்.

"இன்னும் கொதிக்கவே இல்லையே அப்பாயி?"

"ரசம் தளதளன்னு கொதிச்சா செத்துப்போச்சு."

ஊட்டியில் தைலம் காய்ச்சுவதை நான் பார்த்திருக்கிறேன். பெரிய அண்டாவில் யூகலிப்டஸ் இலையைக் கொதிக்க வைப்பார்கள். இலையின் எண்ணெய் நீராவியோடு சேர்ந்து குழாய் வழியே வெளியேறும். அந்த ஆவியைக் குளிரவைத்துத் தைலத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அண்டாவில் மிஞ்சுவது சக்கை. ரசத்தைக் கொதிக்க விட்டால் நம் அடுப்படியும் தைல ஆலைதான், ஆவியைப் பிடிக்கக் குழாய் மட்டும் இல்லை. கூடம் வரைக்கும் ரசம் மணக்கிறது என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அந்த மணம் முழுக்கப் பாத்திரத்துக்கு நஷ்டம்.

தாளிப்பு இதற்கு ஒரு மாற்று வழி. மண எண்ணெய்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது. நெய்யிலும் எண்ணெயிலும் நன்றாகக் கரையும். சூடான நெய்யில் கறிவேப்பிலையைப் போட்டால், இலையில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் படபடவென்று வெடித்து அறைகளை உடைக்கிறது. வெளிவரும் மணத்தில் ஒரு பங்கை நெய் பிடித்துக்கொள்கிறது. அந்த நெய்யை ரசத்தில் கொட்டினால் மேலாக மிதக்கும். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கரண்டியிலும் மணம் வரும். (தாளிக்கும்போது நீங்கள் மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் போதும். கடுகு குறி பார்த்து அடிக்காது, ஆனால் படும்.)

கடைசியாகக் கொத்தமல்லி. அதன் மணம் சீக்கிரம் பறந்துவிடும் ரகம் என்பதால் அடுப்பை அணைத்த பிறகுதான் அதற்கு இடம். "எனக்கு வேணாம், சோப்பு மாதிரி இருக்கும்" என்றாள். அம்மா முறைத்தார். நான் அவள் பக்கம் நின்றேன். கொத்தமல்லித் தழையில் இருக்கும் ஆல்டிஹைடு வகைப் பொருள்களைப் போன்றவை சோப்பு வாசனையிலும் உண்டு. சிலருடைய மூக்குக்கு அது மட்டும் பெரிதாகத் தெரியும். மணம் அறியும் மரபணு ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு வேறுபாட்டோடு இது தொடர்புடையது என்று 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. எனவே இது பிடிவாதம் மட்டும் இல்லை. கொஞ்சம் பிடிவாதமும் உண்டு, அது எங்கள் குடும்ப வியாதி.

அன்று இலையில் வேப்பம்பூவும் இருந்தது, நெய்யில் கருக வறுத்தது. மழை நாளில் ஏது வேப்பம்பூ? பங்குனிக் கடைசியில் மரத்தடியில் வேட்டி விரித்துச் சேர்த்து, சித்திரை வெயிலில் காயவைத்து, டப்பாவில் போட்டு வைத்தது. ஈரம் போய்விட்டால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வாழ வழியில்லை. சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றலுக்கும் இதே கதைதான், கூடுதலாக உப்பு மோர். வெயில் காலத்தில் காயவைத்ததை, மார்க்கெட்டில் காய் அழுகி விலை ஏறும் மழைக் காலத்தில் எடுக்கிறோம். அப்படியென்றால் கொத்தமல்லித் தழையையும் காயவைக்கலாமே? வைத்துப் பாருங்கள், வைக்கோல்தான் மிஞ்சும். வேம்பின் கசப்பு பறக்காத பொருள், தண்ணீர் போனாலும் தங்கிவிடும். கொத்தமல்லி மணம் தண்ணீருக்கு முன்னால் கிளம்பிவிடும்.

சாப்பிட உட்காரும்போது அவளுக்கு இரண்டு மூக்கும் அடைத்திருந்தது. கற்பூரவல்லி சளியை அறுத்துவிடும் என்பது அம்மாவின் கட்சி. எனக்கு அதில் பாதி சம்மதம். தைமாலும் கார்வக்ராலும் ஆய்வகத்தில் பல பாக்டீரியாக்களைக் கொல்லும். ஆனால் சாதாரணச் சளி வைரஸால் வருவது, உடம்புதான் சில நாளில் அதை விரட்ட வேண்டும். சூடான ரசமும் அதன் ஆவியும் அதுவரை இதமாக இருக்கும்.

அவள் ஒரு வாய் உறிஞ்சினாள். "புளிக்குது, உறைக்குது, உப்பு இருக்கு. வேற ஒண்ணும் தெரியல. இவ்வளவு வேலை செஞ்சும் ஏன் அத்தை?" நாக்குக்குத் தெரிவது அவ்வளவுதான், மீதி எல்லாம் தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்குப் போய்த் தெரிய வேண்டியவை. பாதை அடைத்திருந்தால் அப்பாயி வைத்த ரசமும் வெறும் புளித்தண்ணீர்தான். நீங்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, விரலை எடுத்துப் பாருங்கள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பல் தேய்த்த கையோடு அடுப்படிக்கு வந்தவள், மிச்ச ரசப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து அப்படியே நின்றாள்.

"அப்பாயி, நேத்து ரசம் இன்னிக்குத்தான் மணக்குது!"

"மூடியை மூடுடி, மணமெல்லாம் போயிடப் போவுது" என்றார் அம்மா.